பெயர்ப் பட்டியல் கேட்டார்கள், கொடுக்கவில்லை

நேற்றுப் பின்னேரம் அதிபர் வகுப்பறைத் திறப்பைக் கையில் தந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பக்கம் எங்கள் மாதர் சங்கம் சனிக்கிழமைகளில் பொதுமண்டபத்தில் குடும்ப ஆதரவு நிலையம் நடத்துகிறது. அதைப் பாடசாலைக்கும் கொண்டுபோக மூன்று மாதம் அலைந்தோம்.

ஏன் பாடசாலை? மண்டபத்துக்கு ஒரு தாய் வந்தால் "என்ன பிரச்சினையாம்?" என்று ஊர் கேட்கும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாயை யாரும் கேட்கமாட்டார்கள். இங்குள்ள இளம் தாய் தகப்பன்மார் பலர் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, 2015இல் மீள்குடியேற்றம் தொடங்கும் வரை கிளிவெட்டி போன்ற முகாம்களில் வளர்ந்தவர்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகளும் உண்டு. மனம்விட்டுப் பேச இவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

சங்கத் தீர்மானமும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் ஒரே வாரத்தில் கிடைத்தன. விண்ணப்பத்தை நேரே திருகோணமலை நகரத்தில் ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். மூதூர், கிண்ணியா கடந்து பஸ்ஸில் போய், இரண்டு மணித்தியாலம் வாங்கில் காத்திருந்த பிறகு, "அதிபர் ஊடாக வரவேணும்" என்று திருப்பிவிட்டார்கள். போனவுடனேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் இந்த வேலையில் இறங்கினால், அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிய பிறகே பஸ் ஏறுங்கள்.

இரண்டாம் முறை போனபோது பொறுப்பானவர் லீவு. மூன்றாம் முறை எங்கள் கடிதமே கோவையில் இல்லை. நல்லவேளை, கொடுத்த அன்றே பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். அதைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் கடிதம் கிடைத்தது.

அப்புறம்தான் அந்தப் பொறுப்பானவர் கேட்டார்: "எந்தெந்தக் குடும்பம் வருது? பெயர், விலாசம் எழுதித் தாங்கோ." பக்கத்து மேசைகளில் ஆட்கள், பின்னால் வரிசை. எங்களை நம்பிப் பேசிய பெண்களின் முகங்கள் கண்ணுக்குள் வந்தன. "எண்ணிக்கை தாறன் சேர், பெயர் தரமாட்டன்" என்றேன். "அப்ப பைல் நகராது" என்றார். ஊர் வந்து சேரும்வரை அழுதேன்.

அதிபர் விடவில்லை. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் போட்டுப் புதிதாக எழுதினார். பெயர்களை ஏன் தரமுடியாது என்பதையும் அதிலேயே விளக்கினார். இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது. ஒரு பெயர்கூட வெளியே போகவில்லை.

முதலில் தந்த அறை காரியாலயத்துக்கு நேரெதிரே இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, நூலகத்துக்குப் பின்னால் தனி வாசலுள்ள அறையைக் கேட்டு வாங்கினோம். அறை விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். யார் போகிறார், வருகிறார் என்று தெரிந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கதவின் உட்புறம் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, பெண்களுக்கான 1938 இரண்டு உதவித் தொலைபேசி இலக்கங்களையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். வெளியே பலகை எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விடும் நேரத்துக்குத் திறக்கிறோம். இன்று காலை இரண்டு பாயும் ஒரு தண்ணீர்க் குடமும் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.