குளச்சல் எத்தனை பைட்?

சி மொழி கற்பிக்கும் நூல்களில் பஃபர் ஓவர்ஃபுளோவுக்கு, அதாவது ஒதுக்கிய நினைவக இடத்தை (பஃபரை) மீறித் தரவு எழுதப்படும் பிழைக்கு, காட்டப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களாகவே இருக்கின்றன. எனக்கு இந்தப் பாடம் முழுமையாக விளங்கியது, கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே உள்ளிட்டுப் பார்த்தபோதுதான்.

நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்துகளுக்காக ஒரு பயிற்சி நிரலை எழுதினேன். அதிலுள்ள ஸ்ட்ரக்டில் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு) ஊர்ப் பெயருக்கு 24 பைட் கொண்ட கேரக்டர் அரே, அதாவது எழுத்து வரிசை. அதை ஒட்டியே கட்டணத்துக்கு ஓர் இன்ட், அதாவது முழு எண். குளச்சலை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்து, முடிவைக் குறிக்கும் சுழியத்தையும் சேர்த்து ஒன்பது பைட். ஆகவே 24 தாராளம் என்றே யாருக்கும் தோன்றும். தமிழில் 'குளச்சல்' கண்ணுக்கு ஐந்தே எழுத்து. ஆனால் யூனிகோடில் உகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் எட்டாகிறது. அந்தக் குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் சரியாக 24 பைட் நிரம்பிவிடுகிறது. முடிவுச் சுழியத்துக்கு இடமில்லை.

கட்டணத்தில் 17 என்று வைத்துவிட்டு, இடத்தின் அளவைப் பார்க்காமலே நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பி கொண்டு பெயரை நிரப்பினால், முடிவுச் சுழியமான 25ஆவது பைட் கட்டணத்தின் முதல் பைட்டில் போய் விழுகிறது. நம் கணினிகளில் உள்ள இன்டெல் வகைச் செயலிகள் எண்ணின் சிறிய பகுதியையே முதலில் வைப்பதால், 17 அப்படியே 0 ஆகிவிடுகிறது. நிரல் நிற்பதில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. தக்கலைக்குக் கட்டணம் சரியாக இருக்கும், குளச்சலுக்கு மட்டும் இலவசம்.

1988 நவம்பரில் பரவிய மாரிஸ் வார்ம் என்ற தானே பரவும் நிரல், பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரைத் தாண்டி எழுதி, ஃபங்ஷன் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியையே மாற்றியது. அதற்கு வழிவிட்ட, அளவைப் பார்க்காமல் உள்ளீட்டை வாசிக்கும் கெட்ஸ் ஃபங்ஷன் 2011ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது. அத்தகைய தாக்குதலைத் தடுக்கவே, திரும்பும் முகவரிக்கு முன் ஒரு காவல் மதிப்பை வைத்து அது மாறினால் நிரலை நிறுத்தும் ஸ்டாக் கேனரி வந்தது. ஆனால் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே நிகழும் இந்தச் சிறு கசிவு கேனரியைத் தொடுவதே இல்லை. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் கருவியும் வழக்கமான அமைப்பில் ஒரே ஸ்ட்ரக்டின் உறுப்புகளுக்கு இடையே காவல் வைப்பதில்லை. நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனுடன் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பை 2ஆம் நிலையில் வைத்துக் கம்பைல் செய்தால்தான் ஸ்ட்ர்காப்பியின் இந்த மீறல் பிடிபட்டு நிரல் நிறுத்தப்படுகிறது. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் அளவைச் சோதிக்காமல் விடக்கூடாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

எல்லை வைத்து நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பியை மாற்றாகப் பரிந்துரைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 24 என்று எல்லை கொடுத்தால் அது 24 பைட்டையும் நிரப்பிவிட்டு முடிவுச் சுழியத்தை இடாமலே விட்டுவிடும். பிறகு அந்தப் பெயரை அச்சிடும்போது பக்கத்து நினைவகமும் சேர்ந்து வாசிக்கப்படும். எல்லைக்குள் எழுதி முடிவுச் சுழியத்தையும் இடும் எஸ்என்பிரிண்ட்எஃப் மேலானது, ஆனாலும் அது 23 பைட்டோடு வெட்டுவதால் கடைசிப் புள்ளியின் மூன்றில் இரண்டு பைட் மட்டும் மிஞ்சி, திரையில் 'ல்' சிதைகிறது. அது திருப்பித் தரும் எண்ணை அவசியம் பார்க்க வேண்டும்: அந்த எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ மிகுந்தோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள், அப்போது அந்த உள்ளீட்டை ஏற்காமல் திருப்பிவிடுவதே முறை.

இடத்தை 34 ஆக்கினால் நாகர்கோவிலும் அடங்கும் என்று நினைக்கலாம். அதிலுள்ள 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்னதில் பெயர் 33 பைட், சுழியத்துடன் 34. பின்னதில் பெயரே 36, அது அடங்காது. ஆகவே வந்த பெயரை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே பைட் கணக்கில் அளந்து பஃபரில் இடுகிறேன்.