நீளம் என்றால் எந்த நீளம்?

பெங்களூரின் கோரமங்களாவிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருந்து பேட்ச் (புரோகிராமில் ஒரு திருத்தம்) அனுப்புகிறவருக்கும் கலிஃபோர்னியாவில் இருந்து அதைப் பார்த்து ஏற்கும் மெயின்டெய்னருக்கும் நடுவே கோடையில் 12½ மணி நேரம், குளிர்காலத்தில் 13½. ஒரு வேரியபிளைக் காட்டி "இந்தப் பெயரை மாற்றலாமே" என்று ஒரு வரி எழுதினால் ஒரு நாள் போச்சு. அதனால் ரிவியூவில், அதாவது பிறர் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லும்போது, பெயரைப் பற்றி வாய் திறக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பெயர் படிக்கிறவரை ஏமாற்றுகிறதா, இல்லை நமக்குத்தான் பிடிக்கவில்லையா?

பிடிக்காததை, பாணியைச் சரிபார்க்கும் கருவியான லின்ட்டர் பார்த்துக்கொள்ளட்டும். பைத்தானுக்கு 2001-இலிருந்தே பெப் 8 என்ற பாணி வழிகாட்டி இருக்கிறது: வேரியபிளும் ஃபங்ஷனும் சின்ன எழுத்தில், நடுவே அடிக்கோடு. ரஸ்ட் மொழியில் பாணி தவறினால் கம்பைலரே முணுமுணுக்கும். கோ மொழியில் பெயரின் முதலெழுத்து கேபிடலானால் அது பேக்கேஜுக்கு வெளியே தெரிந்துவிடும். அங்கே இது அழகு சமாச்சாரமே இல்லை. பழைய கோப்பில் வேறு பாணி இருந்தால் பக்கத்து வரியைப் பார்த்து எழுதுவதே மரியாதை. பைத்தானோடு வரும் சோதனை நூலகமான யூனிட்டெஸ்ட் இன்றுவரை 'அசர்ட்ஈக்வல்' என்று ஒட்டித்தான் எழுதுகிறது, யாரும் சாகவில்லை.

ஏமாற்றும் பெயர் வேறு விஷயம். தமிழ் எழுத்துகளைக் கையாளும் கோடில் 'லெங்த்' என்று ஒரு வேரியபிளைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தலாம். 'தமிழ்' என்ற சொல்லை எண்ணுங்கள்: த, மி, ழ். நமக்கு 3 எழுத்து. நீளத்தைச் சொல்லும் பைத்தானின் 'லென்' 5 என்னும். யுனிகோடில் மி-யின் இகரக் குறிக்கும் ழ்-இன் புள்ளிக்கும் தனித்தனிக் கோட்பாயின்ட் (ஒவ்வொரு குறிக்கும் யுனிகோட் தரும் எண்). கோ மொழியின் 'லென்' பைட்டை எண்ணுவதால் 15 என்னும். யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் கோட்பாயின்ட்டுக்கும் 3 பைட். இது தெரியாமல் கோட்பாயின்ட் கணக்கில் நான்கோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். பைட் கணக்கில் பத்தோடு வெட்டினால் ழகரம் உடைந்து கேள்விக்குறிக் கட்டம்தான் மிஞ்சும். பைட்_கவுண்ட், கோட்பாயின்ட்_கவுண்ட், லெட்டர்_கவுண்ட் என்று மூன்றாகப் பிரித்தால் பிழை எழுதும்போதே கண்ணில் படும். கமென்ட்டும் "பெயர் தெளிவாக இல்லை" என்று இருக்கக் கூடாது. "'தமிழ்' கொடுத்தால் இதில் 3 வருமா, 5 வருமா, 15 வருமா?" என்று கேட்டால் எழுதியவரே மாற்றிவிடுவார்.

'டைம்அவுட் = 30' இதே ரகம். பைத்தானின் 'ஸ்லீப்' விநாடியில் எண்ணும், ஜாவாஸ்கிரிப்டின் 'செட்டைம்அவுட்' மில்லிவிநாடியில். அங்கெல்லாம் அலகைப் பெயரிலேயே ஒட்டச் சொல்லலாம். கோ மொழியில் 'டியூரேஷன்' என்ற டைப்பே அலகைச் சுமப்பதால் அப்படி ஒட்டுவது தப்பு. கோ மொழிக்கான சரிபார்ப்புக் கருவி ஸ்டாட்டிக்செக்கின் எஸ்டி1011 விதி அதைப் பிடிக்கும். அதே மொழியில் ஸ்லீப்புக்கு வெறும் 30 கொடுத்தால் 30 நானோவிநாடிதான் தூங்கும். ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றில் திணிக்கிற ரிவியூவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

'லாஸ்ட்_நேம்' என்ற பெயரில் உள்ள பொய், பெங்களூர் டீமுக்கு உடனே உறைக்கும். தமிழரின் இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயர். அந்தப் பெட்டியில் அது போய் உட்கார்ந்தால் "டியர்" என்று தொடங்கும் மெயில் அப்பாவைக் கூப்பிடும். சரி, 'ஃபாதர்_இனிஷியல்' என்று வைத்தால்? பக்கத்து சீட் கன்னடக்காரரின் இனிஷியலில் ஊர்ப் பெயரும் இருக்கும். வெறும் 'இனிஷியல்ஸ்' போதும்.

இப்படிப்பட்ட விஷயங்கள் பல நேரம் காபி மேஜையில், தமிழிலேயே, "மச்சி, அது பைட் கணக்குடா" என்று இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததை ரிவியூவில் இரண்டு வரி எழுதிவைக்காவிட்டால், மெயின்டெய்னர் மறுநாள் அதையே கேட்பார். அங்கே ஒரு நாள்.

மாற்றுவது என்று முடிவானபின் மூன்று இடங்களில் கால் வாரும். கிட்ஹப்பின் 'சஜஷன்' பெட்டியில் பெயரை மாற்றிக் கொடுத்தால் அந்த ஒரு வரி மட்டுமே மாறும். எழுதியவர் நம்பி பட்டனை அழுத்துவார்; கீழே பழைய பெயர் அப்படியே இருக்கும்; பைத்தானில் அந்த வரி ஓடும்வரை தெரியாது. பெயர் மாற்றத்தைக் கமென்ட்டாக மட்டும் எழுதி, மாற்றுவதை அவருடைய எடிட்டரிடம் விடுவதே மேல்.

அடுத்தது ஃபங்ஷனின் பாராமீட்டர், அதாவது அது வாங்கிக்கொள்ளும் மதிப்பின் பெயர். உள்ளே இருக்கும் வேரியபிள் போலத் தோன்றும், ஆனால் பைத்தானில் யாராவது பெயர் சொல்லி மதிப்பு அனுப்பியிருந்தால் அவர்கள் புரோகிராம் உடையும். பழைய பெயரை ஒரு வெளியீடு வரையாவது எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக எழுதும்போதே பைத்தான் 3.8-இல் வந்த சாய்கோட்டை (/) போட்டு, அதற்கு முன்னுள்ளவற்றை இடவரிசையில் மட்டும் தரும்படி வைத்தால் பின்னால் பெயரை மாற்றச் சுதந்திரம்.

கடைசியாக, பெயர் மாற்றம் தனி கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு மாற்றத் தொகுப்பில்) இருக்கட்டும். அதன் அடையாளமான 40 எழுத்து ஹாஷை கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் போட்டு, அதைப் பார்க்கும்படி கிட்டிடம் சொல்லிவைத்தால், எந்த வரி யாருடையது என்று பிளேமில் பார்க்கும்போது உண்மையாக எழுதியவர் பெயர் வரும், கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. ஹாஷை மெர்ஜ் ஆகி மெயினில் சேர்ந்தபின் எடுக்க வேண்டும். எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் புராஜெக்டில் தனி கமிட் போதாது, தனி புல் ரிக்வெஸ்ட்டே (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையே) வேண்டும். பிராஞ்சில் பார்த்த ஹாஷ் மெயினில் இருக்கவே இருக்காது.