வலிக்கும் விரல்களுக்கு ஏற்ற மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி வாங்குவோர் பெரும்பாலும் அலகின் எஃகையும் பிடியின் அழகையும் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். கை நன்றாக இருக்கும் வரை அதில் குறையொன்றும் இல்லை. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்களும், பழைய காயத்தால் விரல் சரியாக மடங்காதவர்களும், அந்தக் கத்தி எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் வலக்கைக் கட்டைவிரலும் அந்த வகையில் சேர்ந்துவிட்டதால், அழகைப் பற்றிய பேச்சை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

பழைய பாணிப் பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகு வில் ஒன்று அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகை நிறுத்தி வைப்பது அந்த அழுத்தமே. திறப்பதற்கு, அலகின் பக்கவாட்டில் பிறை வடிவில் செதுக்கப்பட்ட குழியில் நகத்தைக் கொடுத்து, வில்லின் விசையை எதிர்த்து இழுக்க வேண்டும். வயதான கைக்கு இதில்தான் சிக்கல். நகம் மெலிந்து எளிதில் பிளக்கும். விரல் நுனிகளால் 1 கிலோ விசையுடன் எதையேனும் கிள்ளிப் பிடித்தால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ இறங்குகிறது என்பது 1977இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு. விறைப்பான கத்தி ஒன்றை நாளைக்கு நான்கு முறை திறந்தால் மூட்டு ஏன் இரவில் முனகுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

வில்லின் விறைப்பைக் கத்திப் பிரியர்கள் 1 முதல் 10 வரை எண்ணிட்டுப் பேசுவது வழக்கம். வலியுள்ள கைக்கு 3 அல்லது 4 போதும். 7, 8 என்று பெருமையாகச் சொல்லப்படுபவை நமக்கானவை அல்ல. ஒரே பெயரில் விற்கும் இரண்டு கத்திகளுக்குள்ளேயே விறைப்பு மாறுபடும் என்பதால், கையில் எடுத்துத் திறந்து பார்க்காமல் வாங்குவதை நான் விரும்புவதில்லை. கத்தியில் அலகு சுழலும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சில நாள் திறந்து மூடினால் புதுக் கத்தி ஓரளவு இளகும். ஆனால் வில்லே தடிமனாக இருந்தால் எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது.

நகமே தேவைப்படாத அமைப்புகளும் உண்டு. சில கத்திகளில் பிடியின் இரு பக்கங்களையும் அரைவட்டமாக வெட்டி, உள்ளே இருக்கும் அலகைச் சதைப்பற்றான விரல் பகுதியால் பற்றுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். சோட்பஸ்டர் எனப்படும் உழவர் கத்தியில் ஒரே அலகுதான். அது அகலமானதாக இருப்பதால், மூடியிருக்கும்போதும் பற்றும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலின் பக்கத்தையும் சேர்த்துப் பற்றும்போது நுனிவிரல் பிடியைவிடக் கூடுதல் வலு கிடைக்கிறது என்பதால், இந்த வகைகளையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மூன்று அலகுகள் நெருக்கியடிக்கும் ஸ்டாக்மேன் வகைக் கத்தி பார்க்க அழகுதான், ஆனால் சிறிய அலகைத் தோண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

மூடுவதுதான் கூடுதல் ஆபத்து. வில் அலகைச் சடாரென்று உள்ளே இழுக்கும்போது, மரத்துப்போன விரல் தான் வழியில் இருப்பதை உணராது. அலகு பாதி வழியில், செங்கோணத்தில், ஒரு முறை நின்று செல்லும் அமைப்பு இங்கே உதவும். விரல்களை நகர்த்திக்கொள்ள அது அவகாசம் தருகிறது.

வில்லே இல்லாத கத்திகளும் இருக்கின்றன. பிரான்சின் சவுவா பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் அவற்றில் புகழ்பெற்றது. மரப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள உராய்வே அலகை நிறுத்துகிறது. 1955இல் சேர்க்கப்பட்ட சுழலும் உலோக வளையம் அதைப் பூட்டுகிறது. 8.5 செ.மீ. அலகுள்ள 8ஆம் எண் கத்தியின் உருண்டு திரண்ட மரப்பிடி வீங்கிய விரல்களுக்கு இதமானது. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிப்பதற்குத்தான் அதிக விசை வேண்டும். ஈரத்தில் மரம் உப்பினால் அலகு சிக்கிக்கொள்ளும் என்பது இதன் குறை. அப்போது வளையம் பூட்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே தலைநீட்டும். வளையத்தைத் திருகுவது கட்டைவிரலுக்குக் கடினமானால் உள்ளங்கையை வைத்து உருட்டலாம்.

ஜப்பானிய ஹிகோனோகாமியில் அலகின் அடியிலிருந்து ஒரு சிறு நெம்புகோல் நீண்டிருக்கும். அதை அழுத்தினால் திறந்துவிடும் என்றாலும், தகட்டை மடித்துச் செய்த அதன் பிடி மெல்லியது, உள்ளங்கையை உறுத்தும். 1964இல் வந்த பக் 110 போன்ற முதுகுப் பூட்டுக் கத்திகள் உறுதியானவை. ஆனால் ஏறத்தாழ 200 கிராம் எடையும், பூட்டை விடுவிக்கக் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருப்பதும் நமக்கு எதிரானவை.

எதை வாங்கினாலும், வலிக்கிற கையாலேயே சோதித்துப் பாருங்கள், அதுவும் அந்தக் கை களைத்திருக்கும் மாலை நேரத்தில். கூர் மழுங்கிய அலகு கூடுதல் அழுத்தம் கேட்கும் என்பதால், எளிதில் தீட்டக்கூடிய கார்பன் எஃகு அலகையே நான் விரும்புகிறேன். பழம் நறுக்கிய கையோடு துடைத்து வைக்காவிட்டால் அது கறுத்துத் துருப்பிடிக்கும். சாணைக்கல்லை ஈரத்துணியின் மேல் வைத்தால் அது நகராது; மற்றொரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இருக்காது.