டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்புக்கு டர்போ தேடியபோது

டீசல் பிக்கப்புக்குப் பெரிய டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) போடப் போகிறேன் என்று சொன்னால் யாரும் முதலில் கேட்பது, “எத்தனை ஹெச்.பி. வேணும்?” என்றுதான். என் தேவை அது இல்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு நீளமான மேடு ஏறும்போது, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்காமலே எக்ஸாஸ்ட் வெப்பம் அளவுக்குள் நிற்க வேண்டும். வெறும் வண்டியில் பறப்பதில் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. டர்போ விற்பவர்களிடம் பேசும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொன்னேன். பாதிப் பேர் அதைக் காதில் வாங்காமல் 600 ஹெச்.பி. கதைக்கே திரும்பினார்கள் என்பது வேறு விஷயம்.

வண்டியில் இருப்பது கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். முன்பே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கொஞ்சம் பெரிதாகவும், டீசல் அளவைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ் ஒன்றும் போட்டிருந்தேன். இழுவை நன்றாகவே கூடியது. ஆனால் டீசல் கூடிய அளவுக்குக் காற்று கூடவில்லை. சமதளத்தில் இது தெரியாது. மேட்டில் லோடோடு ஏறினால் பின்னால் கறுப்புப் புகை, டேஷ்போர்டில் வெப்பம் 750 டிகிரி செல்சியஸ்.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடம் சற்றுக் குழப்பும். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் கூடினால் சிலிண்டர் குளிரும். டீசலில் நேர் எதிர். டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி ஒரு பங்குக்கு சுமார் 14.5 பங்கு காற்று போதும். நடைமுறையில் 18-க்குக் கீழே வந்தாலே புகை தலைகாட்டத் தொடங்கிவிடும். நீண்ட நேரம் பாரம் இழுக்க 20-க்கு மேலே இருந்தால்தான் நிம்மதி. அந்த மிச்சக் காற்றுதான் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. அது குறையக் குறைய பிஸ்டனும், டர்போவில் எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரமான டர்பைனும் சூட்டைத் தாங்கியாக வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை. ஓரிரு நிமிடம் சூடு ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளும். தொடர்ந்து ஓட்டுவதற்கு 700 டிகிரி என்பதையே நான் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

வெப்பமானியின் முனை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். என்னுடையது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வந்து சேரும் குழாயில்), டர்போவுக்கு முன்னால். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் லோடில் நூறு டிகிரிக்கு மேலேயே குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசமும் ஒரே சீராக இருக்காது. எனவே யாராவது “என் வண்டி 600-ஐத் தாண்டாது” என்றால், முனை எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குத் தள்ளும் காற்றின் அழுத்தம், மீட்டரில் 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) காட்டியது. நல்ல அளவுதானே, அப்புறம் ஏன் சூடு? மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“அண்ணே, பூஸ்ட் 30 வருதே, காத்து பத்தலைன்னு எப்படிச் சொல்றீங்க?”

“தம்பி, பூஸ்டை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. டர்போவுக்கு முன்னாடி மேனிஃபோல்டுல எவ்வளவு நிக்குதுன்னு பாரு.”

ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். வாளி சீக்கிரம் நிறையாது. பூஸ்டும் அப்படித்தான். இன்ஜின் விழுங்க முடியாமல் வாசலில் நிற்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் அந்த மீட்டர் காட்டுகிறது. எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதை அது சொல்லாது.

மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு, சுருட்டிய செப்புக் குழாய் வழியாக இன்னொரு மீட்டர் மாட்டினோம். குழாயைச் சுருட்டுவது வாயு ஆறி மீட்டருக்குப் போவதற்காக. இதைத்தான் டிரைவ் பிரஷர் என்கிறார்கள். டர்பைனைச் சுற்ற வைக்க எக்ஸாஸ்ட் கொடுக்கும் அழுத்தம் இது. பூஸ்டும் இதுவும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. என் வண்டியில் பூஸ்ட் 30 இருக்கும்போது இது 50-ஐத் தாண்டியது. எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் சிலிண்டரிலேயே ஒரு பகுதி தங்குகிறது. புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. வாயுவை வெளியே தள்ளவே இன்ஜினின் சக்தி செலவாகிறது. என் டர்போவில் டர்பைனைச் சுற்றியுள்ள கூடு, அதாவது ஹவுசிங், 9 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்டது. வெறும் வண்டியில் சட்டென்று பூஸ்ட் எழும்ப அது அருமையானது. நான் கொடுத்த டீசலுக்குத்தான் அந்த வாய் சிறியது.

தேர்வில் பாதி இங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்வேன். அடைப்பு எக்ஸாஸ்ட் பக்கம் என்று தெரிந்த பிறகு, பழைய டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் வீலை மட்டும் மாற்றும் மலிவான வழி தானாகவே கழிந்துபோனது.

மீதி இருந்தவை மூன்று. முதலாவது, வி.ஜி.டி. எனப்படும் மாறும் வடிவ டர்போ. டர்பைனைச் சுற்றியுள்ள பாதை வேகத்துக்கு ஏற்ப ஒடுங்கி விரியும். கீழ் ஆர்.பி.எம்மில் உடனே பூஸ்ட், மேலே போனால் தாராளமான வழி, இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்காகவும் உதவும். டிரெய்லர் இழுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதை இயக்கத் தனி கன்ட்ரோலர் வேண்டும். என் இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு அந்த வேலை தெரியாது. கரி படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும் பழக்கமும் அந்த வகைக்கு உண்டு. இரண்டாவது, காம்பவுண்ட்: பெரிய டர்போ அழுத்திய காற்றைச் சிறிய டர்போ மறுபடி அழுத்தும். வெப்பத்தைக் குறைப்பதில் இதுதான் ராஜா. ஆனால் இரண்டு மடங்கு ஆயில் லைன், இரண்டு மடங்கு குழாய், பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லாத நிலை. டிரெய்லர் இழுக்க நான் குறித்துக்கொண்ட 350 ஹெச்.பிக்கு அது அதிகம். மூன்றாவது, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் வால்வு) உள்ள சாதாரண ஒற்றை டர்போ, சரியான அளவில். நான் போனது இந்த வழியில்.

எது சரியான அளவு என்பதற்கு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன். விற்பவர் சொல்லும் ஹெச்.பி. எண்ணை விட இது நம்பகமானது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஃபிளைவீலில் 350 ஹெச்.பி. ஒரு ஹெச்.பிக்கு மணிக்குச் சுமார் 0.36 பவுண்டு டீசல். ஒரு பங்கு டீசலுக்கு 22 பங்கு காற்று. மூன்றையும் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 46 பவுண்டு காற்று, அதாவது ஏறக்குறைய 21 கிலோ. ஒரு கம்ப்ரசர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தள்ளும் என்று காட்டும் வரைபடமான கம்ப்ரசர் மேப்களில் பெரும்பாலும் பவுண்டில்தான் போட்டிருப்பார்கள், எனவே பவுண்டும் தேவை.

அடுத்து, இந்த 21 கிலோவை இன்ஜினுக்குள் எப்படித் திணிப்பது? 5.9 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 2600 ஆர்.பி.எம்மில் நிமிடத்துக்கு 7,670 லிட்டர். அதில் 90 சதவீதம்தான் உண்மையில் நிறையும் என்று வைத்தால் 6,900 லிட்டர். ஆக, ஒரு கன மீட்டருக்குள் 3 கிலோ காற்று இருக்க வேண்டும். அழுத்தத்தில் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் தாண்டி 55 டிகிரியில் வரும் காற்று, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கன மீட்டருக்கு 1.08 கிலோதான். எனவே 2.8 மடங்கு அழுத்தம் வேண்டும். மீட்டரில் அது சுமார் 27 பி.எஸ்.ஐ. ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் இழப்பதையும் சேர்த்தால் கம்ப்ரசருக்கு வரும் அழுத்த விகிதம் 3.2.

பழைய டர்போவில் 30 வந்தும் பத்தவில்லை, இப்போது 27 போதும் என்கிறது கணக்கு. ஏனென்றால் 90 சதவீதம் நிறையும் என்பதே எக்ஸாஸ்ட் பக்கம் அடைப்பு இல்லாதபோது மட்டும்தான் உண்மை.

மேப்பில் இந்த ஒரு புள்ளியை மட்டும் வைத்துப் பார்த்தால் 62 மில்லிமீட்டர் கம்ப்ரசர் வீலும் பொருந்தும், 66-ம் பொருந்தும். இரண்டாவது புள்ளிதான் முடிவு செய்தது. மேட்டில் வண்டி வேகம் இறங்கி 1600 ஆர்.பி.எம்முக்கு வரும்போது 200 ஹெச்.பி. கேட்டால், ஒரு பங்கு டீசலுக்கு 20 பங்கு காற்று என்று வைத்து நிமிடத்துக்கு 24 பவுண்டு காற்று, விகிதம் 2.5. நான் பார்த்த 66 மில்லிமீட்டர் மேப்பில் இந்தப் புள்ளி இடது ஓரத்தில், சர்ஜ் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அங்கே கம்ப்ரசரால் காற்றை முன்னே தள்ள முடியாமல் பின்னோக்கி அடிக்கும். குரைப்பது போன்ற சத்தம் கேட்கும். ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்குக்கு அது கெடுதல். 62-இல் அதே புள்ளி கோட்டுக்கு வலப்புறம் நல்ல இடைவெளியோடு விழுந்தது. சரி, 62 என்று முடித்துவிட்டேன். உயரமான மலைப்பாதைக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும்: 2,000 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே காற்று வேண்டுமானால் விகிதம் 3.2-இல் இருந்து 4-ஐத் தொட்டுவிடும். அதற்கும் மேப்பில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டர்பைன் ஹவுசிங்கில் 12-ஆ 14-ஆ என்று கொஞ்ச நாள் இழுபறி. 14 போட்டால் டிரைவ் பிரஷர் நன்றாக இறங்கும், ஆனால் கீழே பூஸ்ட் எழுவது தாமதமாகும். டிரெய்லர் இழுப்பவருக்குக் கீழ் ஆர்.பி.எம்தான் சோறு போடுகிறது. 12 எடுத்தேன், உள்ளே இரண்டு பாதையாகப் பிரிந்த வகை. இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர் ஒரு பாதை, பின் மூன்று இன்னொன்று என்று பிரித்தால், ஒரே பாதையில் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே 240 டிகிரி கிடைக்கும். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் இன்னொன்றின் மேல் மோதாது. டர்போவும் சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும்.

பால் பேரிங் வேண்டுமா என்ற கேள்வி வந்தது. ஆசையாகத்தான் இருந்தது, விலையைப் பார்த்ததும் ஆயில் படலத்தில் சுழலும் சாதாரண ஜர்னல் பேரிங்கே போதும் என்று தோன்றிவிட்டது. அதில் மிச்சமான பணம், சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட்களுக்குப் போனது. பூஸ்ட் ஏறும் வண்டியில் ஹெட் கேஸ்கெட்டைக் காப்பாற்ற அது நல்ல செலவு. எந்த வகை எடுத்தாலும் பெயர் தெரியாத நகல் டர்போ மட்டும் வேண்டாம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் ஷாஃப்டில் பேலன்ஸ் கொஞ்சம் பிசகினாலும் வீல் உடையும். துண்டுகள் இன்டர்கூலர் வரைக்கும் போகும். அதோடு, டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி), ஈ.ஜி.ஆர். (எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள புதிய வண்டி என்றால் உங்கள் ஊர்ப் புகை விதி இந்த மாற்றத்தை அனுமதிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேனிஃபோல்டு ஃபிளேஞ்ச் பொருந்தியது. டர்போவில் இருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாயான டவுன்பைப் பொருந்தவில்லை, 4 அங்குலத்தில் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. ஆயில் திரும்பும் குழாய் மட்டும் வளைந்து தேங்காமல் நேரே சரிந்து இறங்க வேண்டும். அங்கே ஆயில் தேங்கினால் சீல் வழியாகக் கசியும், புது டர்போ கெட்டுவிட்டது என்று வீணாகப் பதற வேண்டிவரும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மேலே ஆயில் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டோம். பிறகு ஏர் பைப்புகளுக்குள் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்ததில், இன்டர்கூலரின் பழைய ரப்பர் பூட் ஒன்றில் நுரை கிளம்பியது. மாற்றினோம்.

வேஸ்ட்கேட்டை 30 பி.எஸ்.ஐ. அளவில் திறக்கும்படி வைத்து, அதே டிரெய்லரோடு அதே மேட்டில் ஏறினேன். பூஸ்ட் 28-க்கும் 30-க்கும் இடையில். டிரைவ் பிரஷர் 33 அளவில். வெப்பம் 650-ஐ ஒட்டி நின்றது. காலை எடுக்கவில்லை. புகை மெல்லிய சாம்பல் கோடாகக் குறைந்தது.

கீழே 1500-க்குக் குறைவான ஆர்.பி.எம்மில் மட்டும் பழைய டர்போவை விட அரை நொடி மந்தம். கிளம்பும்போது அந்த இடைவெளியில் கொஞ்சம் புகை தள்ளியது. டியூனிங் பாக்ஸில், பூஸ்ட் எழும் வரைக்கும் டீசலைக் குறைத்துக் கொடுக்கும்படி செட்டிங்கை மாற்றியதும் அதுவும் நின்றது. இப்போது மேட்டில் வெப்பமானிக்குப் பதிலாகக் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். கூடின இழுவையில் ஆட்டோமேட்டிக் கியரை இன்ஜினோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வேலை அதுதான்.