ஒரு ராத்திரி

"ஒரு ராத்திரி மட்டும் என்கிட்ட இருக்கட்டும் பாஸ், விடிஞ்சதும் நானே கொண்டுவந்து தர்றேன்." அந்தப் பெரியவர் இவ்வளவுதான் கேட்டார். முடியாது பா, இன்றைக்கே லாரியில் போயாக வேண்டும் என்றேன். நாலு வருஷம் ஆகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் கைலாஹுன் பக்கம் ரோட்டுக்குச் செம்மண் வெட்டிய குழியில் கிடைத்தது அந்தச் சிலை. ஒரு சாண் உயரம், மாக்கல், பிதுங்கிய கண், பாதி முகத்தை அடைத்துக்கொண்ட மூக்கு. மூக்குத் துவாரத்தில் செம்மண் அப்பியிருந்தது. அவர் அந்த மண்ணைத் தொடாமல் சிலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார், நான்தான் வாங்கிக் குச்சியால் நோண்டி எடுத்தேன்.

அங்கே இருக்கிற மெண்டே இன ஆட்கள் இதை நொமோலி என்பார்கள். தங்களுக்கு முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்கள் விட்டுப்போனது என்று நெல் வயலில் வைத்து விளைச்சல் கேட்பார்கள். பெரியவர் கிஸ்ஸி இனம். அவர்களுக்கு இது பொம்டோ, அதாவது செத்துப்போனவர், அவர்கள் வீட்டுப் பாட்டன். மண்ணிலிருந்து வெளியே வந்தவர் யார் என்பது கனவில்தான் தெரியவரும், அப்புறம்தான் பெயர் சொல்லிப் படையல் வைக்க முடியும். அந்த ஒரு ராத்திரி அதற்குத்தான்.

நான் செய்தது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சியரா லியோனில் பழம்பொருள் சட்டம் 1940களிலிருந்தே இருக்கிறது, டாலரோடு வந்து இவற்றை வாங்கிப் போகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள், காலையில் அது காணாமல் போயிருந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் அவர் விற்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் முடியாது என்று சொன்னேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1500 வாக்கில் போர்த்துகீசியர் சாபி என்று குறித்த மக்களும் அவர்களுடைய முன்னோரும்தான் இவற்றைச் செதுக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள், கிஸ்ஸிக்காரர்களையும் அந்த வழியில்தான் சேர்க்கிறார்கள். அப்படியென்றால் பாட்டன் என்று அவர் சொன்னது வெறும் நம்பிக்கை இல்லையே. இதை அன்றைக்கே படித்திருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, அதுதான் உறுத்துகிறது.

லாரி கிளம்புவதற்கு முன் படிவம் நிரப்பினேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'கல் உருவம், 1' என்று எழுதினேன். பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனி பெயரை எழுதினேன்.