‘ரிக்குவெஸ்ற் ஃபோர்’ இன்னும் மசியவில்லை

விண்ணப்பங்களிலும் கடிதங்களிலும் எழுதுகிற ஆங்கிலத் தொடர்கள் சரிதானா என்று தேடிப் பார்க்கிற வேலையில், ‘லுக் ஃபோர்வேட் ரு’ ஒருவழியாக முடிந்தது. புத்தகங்களில் ஒரு தொடர் எவ்வளவு வருகிறது என்று கோடு கீறிக் காட்டும் கூகுள் என்கிராமில், அதற்குப் பின்னால் எந்தச் சொல்லுக்கும் பொதுவான வெறும் நட்சத்திரக்குறி போட்டால் ‘த’, ‘யுவர்’ போன்ற சில்லறைகள்தான் முன்னுக்கு வரும். நட்சத்திரத்தோடு அடிக்கோடும் பெரிய எழுத்தில் ‘வேர்ப்’ (வினை) என்பதும் ஒட்டினால் ‘சீயிங்’, ‘ஹியரிங்’ என்று வரிசை கட்டும். ஐந்து சொல்லுக்கு மேல் எடுக்காது; ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வேட் ரு ஹியரிங்’ தேட ‘ஐ’யை வெட்ட வேண்டும். 40 புத்தகங்களிலாவது வராத தொடரை அது சேர்ப்பதேயில்லை. ஆகவே கோடு வராவிட்டால் ஒருத்தரும் அப்படி எழுதுவதில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எங்கட விண்ணப்பங்களுக்குப் அதிலுள்ள பிரித்தானிய ஆங்கிலப் புத்தகத் தொகுப்பைத் தெரிவுசெய்வது நல்லது.

சண்டித்தனம் காட்டுவது ‘ரிக்குவெஸ்ற் ஃபோர்’. ‘ஆஸ்க்’கோடு வரும் ‘ஃபோர்’ தேவையில்லாமல் ‘ரிக்குவெஸ்ற்’ என்ற வினையிலும் தொற்றி, லீவுக் கடிதமெல்லாம் ‘ஐ ரிக்குவெஸ்ற் ஃபோர் லீவ்’ ஆகிவிட்டது. தேடினால் எண்ணிக்கை அள்ளிக்கொண்டு வரும்! பெரும்பாலும் ‘எ ரிக்குவெஸ்ற் ஃபோர் லீவ்’ மாதிரிப் பெயர்ச்சொல். அது சரியான ஆங்கிலம். வினை என்று அடையாளம் போட்டாலும் தப்ப முடியாது. ‘த மணி ரிக்குவெஸ்ற்றட் ஃபோர் றிப்பெயார்ஸ்’ என்பதும் வினைக் கணக்கில்தான் விழும், அதிலும் பிழையில்லை. வினையாக வரும் இடத்தில், கேட்கப்படும் பொருள் ‘ஃபோர்’க்கு வலப்பக்கம் நின்றால்தான் நாங்கள் தேடுகிற ஆள். எண்ணிக்கை இதைக் காட்டாது. வரிவரியாகக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு ‘கோக்கா’ என்ற இணையத் தொகுப்பு வசதி: தேடிய தொடர் வரும் வரிகளை அதன் இடச்சொல், வலச்சொல் அகரவரிசையில் அடுக்கித் தரும். பதிவு செய்ய வேண்டும், இலவசக் கணக்குக்கு நாளாந்த வரையறை உண்டு, முழுக்க அமெரிக்க ஆங்கிலம். லீவுக் கடிதம் அதில் கிடைக்காது என்பதுதான் பெரிய குறை.

அடுத்தது ‘அன்ற்கொங்க்’. இலவச மென்பொருள், நாங்களே சேர்த்த கடிதங்களை அதில் போட்டுத் தேடலாம். பிடிஎஃப்பை அப்படியே கொடுக்காமல் வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொடுப்பது நல்லது. மாற்றும்போது வரிக் கடைசியில் சிறுகோட்டால் உடைந்த சொற்களை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேடலில் அகப்படா. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளின் வாசகர் கடிதங்களைத் தனிக் கோப்புறையில் வைக்கிற யோசனை. இலங்கை வழக்கும் இலண்டன் வழக்கும் ஒரே கோப்பில் கலந்தால், ‘ரிக்குவெஸ்ற் ஃபோர்’ எங்கேயிருந்து வந்தது என்று பிறகு பிரிக்கேலாது.