மணக்கடவு என்ற குறிச்சொல்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் எங்களுக்கு, வயலுக்கு வரும் தண்ணீரைப் பற்றிய செய்திகள் மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுக்குக் கிடைக்க வேண்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி விவசாயிகள் பேசுவது தமிழ் நாளிதழிலும், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் விவசாயிகள் பேசுவது மலையாள நாளிதழிலும் வருகின்றன. தேடுபொறியில் தமிழில் தட்டினால் பெரும்பாலும் தமிழ்ப் பக்கங்களே கிடைக்கின்றன. ஒரே ஆற்றைப் பற்றிய இரு தரப்பு எழுத்துகளும் ஒன்றையொன்று அறியாமலே கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இவற்றை இணைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, படித்த இணையப் பக்கங்களைப் பிறரும் பார்க்கும்படி சேமித்துவைக்கும் சமூகப் புத்தகக்குறித் தளங்களில், சேமிப்பவர் அந்தப் பக்கத்துக்குத் தாமே இடும் அடையாளச் சொற்களான குறிச்சொற்களே (tags). 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ் இதைப் பரவலாக்கியது. அதை 2005-இல் யாஹூ வாங்கியது; பின்னர் கைமாறி, 2017-இல் பின்போர்டு என்ற இன்னொரு புத்தகக்குறித் தளத்திடம் சேர்ந்தபோது புதிதாகச் சேமிக்கும் வசதி நின்றது. தளம் போனாலும் முறை போகவில்லை. சேமித்தவர் யார், எந்தப் பக்கம், என்ன குறிச்சொல் என்ற மூன்றும் சேர்ந்ததே ஒரு பதிவு. இரண்டு பக்கங்களுக்கு இடையே இணைப்பு எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாவிட்டாலும், படித்தவர்கள் இரண்டுக்கும் ஒரே குறிச்சொல்லை இட்டிருந்தால் அவை உறவுப் பக்கங்களாகின்றன.

எல்லாக் குறிச்சொற்களுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. ‘விவசாயம்’ என்பது எண்ணற்ற பக்கங்களில் இருக்கும் என்பதால், அதை இரண்டு பக்கங்கள் பகிர்வதில் பெரிய பொருள் இல்லை. ‘மணக்கடவு’ என்பதைப் பகிர்ந்தால் அவை நெருங்கியவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆகவே அரிய குறிச்சொல்லுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும். பொதுவாக உள்ள குறிச்சொற்களின் எண்ணிக்கையை, இரண்டு பக்கங்களிலும் சேர்ந்துள்ள மொத்தக் குறிச்சொற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதும் தேவை. இல்லாவிட்டால் கணக்கின்றிக் குறிச்சொற்களை அள்ளிப்போட்ட பக்கம் எல்லாவற்றுக்கும் உறவாகத் தோன்றும்.

‘சித்தூர்’ என்று மட்டும் இட்டால் ஆந்திரத்துச் சித்தூரின் செய்திகளும் வந்து கலக்கும். ‘ஆழியாறு’ என்பதையும் சேர்த்தால் கலப்பு நீங்கிவிடுகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட, நூலகத்தில் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை, பொருள், இடம், காலம் என்று தனித்தனிக் கூறுகளை இணைத்து ஒரு நூலைச் சுட்டியது. அந்த ஒழுங்கைக் குறிச்சொற்களிலும் கடைப்பிடிப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் எல்லைப்புறத்துக்கு மிகவும் பயன்படுவது வேறொன்று. ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பக்கத்தைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தமிழ் எழுத்தில் ‘மணக்கடவு’ என்று குறித்துச் சேமிக்கிறார். சித்தூர்க்காரர் ஒருவர் அதே பக்கத்தை மலையாள எழுத்தில் அதே பெயரைக் குறித்துச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பக்கத்தில் இரு குறிச்சொற்களும் சேர்ந்து வருவதால், அகராதி எதுவும் இல்லாமலே அவை உறவுச் சொற்கள் என்பது கணக்கில் தெரியவருகிறது. அதன்பின் தமிழ்க் குறிச்சொல்லைத் தொடர்பவருக்கு, மலையாளக் குறிச்சொல்லின் கீழ் உள்ள பக்கங்களும் கிடைக்கின்றன. சேமித்தவரின் பெயரும் தெரிவதால், அவருடைய மற்றச் சேமிப்புகளுக்குள் போய், நாம் தேட நினைத்தே இராத கட்டுரைகளையும் எடுக்கலாம். இந்தப் பாலம் இரு பக்கத்தாரும் ஒரே ஆவணத்தைச் சேமித்தால் மட்டுமே அமையும். அதனால்தான் ஒப்பந்தம், அணைகளின் நீர்மட்டம் போன்ற பொது ஆவணங்களை முதலில் சேமியுங்கள் என்று நண்பர்களிடம் வற்புறுத்துகிறேன். எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு எழுத்திலும் குறிச்சொல் இடலாம்.